தம்பிக்கு, அந்தக் குயில் விஷயமாக

தம்பி,

நேற்று அம்மாவின் மூன்றாவது திதி. நீ வரவில்லை, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். மாடியில் இலை போட்டுக் காக்காவைக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஊரில் இருந்த ரெண்டும் கொல்லை வேப்ப மரத்தில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தன. இலைக்குள்ளிருந்து கிக்-கிக்-கிக் என்று ஒரே படபடப்பு. ஐயர் மணி பார்க்கிறார், நான் தனியாகச் சிரிக்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. போன் அடித்தால் எடுக்க மாட்டாய். நான் எழுதுவதை மட்டும் படிக்கிறாய் என்று உன் பெண் சொன்னாள் (அவளைத் திட்டாதே).

போன மாதம் என் சின்னவளைக் கூட்டிக்கொண்டு அதே அறிவியல் காட்சியகத்துக்குப் போனேன். பறவைக் குரல் கேட்கிற அந்தப் பலகையைப் புதுசாக்கியிருக்கிறார்கள். நம் காலத்தில் குயிலுக்கு ஒரு பொத்தான், இப்போது ரெண்டு. கறுப்பாக, சிவப்புக் கண்ணோடு ஆண், அமுக்கினால் குக்கூ. பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு பெண், அமுக்கினால் கிக்-கிக்-கிக். சின்னவள் நாலு தடவை அமுக்கினாள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

நீ ஆறாவது, நான் ஒன்பதாவது. விளக்கம் சொன்னவர் அமுக்கிவிட்டு "இது என்ன?" என்க, மொத்தக் கூட்டமும் "குயில்!" என்று கத்தியது. நீ மட்டும் கையைத் தூக்கி, "இது ஆம்பளக் குயில் சார், பொம்பளக் குயில் வேற மாதிரி கத்தும்" என்று கத்தியும் காட்டினாய். அவர் சிரித்தார். "அது வேற ஏதோ குருவிப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நீ கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "அக்கா, நீயும் பாத்தல்ல?"

பார்த்தேன். அந்தச் சித்திரையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ரெண்டு பேரும்தானே பார்த்தோம். கறுப்பு காக்காக் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து வேண்டுமென்றே கூவி, காக்காக்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓட, அந்த நேரத்தில் புள்ளி போட்டது சத்தமில்லாமல் கூட்டுக்குள் போய்விட்டு வந்தது. "திருடி" என்று பேர் வைத்தாய். இதையெல்லாம் பார்த்தவள், வகுப்புப் பெண்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று, "எனக்குத் தெரியாது" என்றேன்.

பதினாலு வயசுடா. சட்டைப்பையில் ரெண்டு பேனா வைத்திருந்தவர் சொல்வதுதான் சரி என்றும் பட்டது. மயில் அகவும், காகம் கரையும், குயில் கூவும் என்றுதான் மனப்பாடம் பண்ணியிருந்தோம், கத்துகிற குயிலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கவிஞர்கள் வேறு கூவுகிற ஆணைப் பெண்ணாக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சாக்குதான், தெரிகிறது. அதற்கப்புறம் நீ வாயே திறக்கவில்லை என்று மாமா சொல்லித் திரிவது மட்டும் பொய். தஞ்சாவூர் தாண்டி வடுவூர் ஏரி வருகிற வரைக்கும் பஸ்ஸில் கிக்-கிக் என்று கத்தி டிரைவரிடம் திட்டு வாங்கினாய். என் பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை விளக்கம் சொன்னது ஒரு சின்னப் பெண். பறவைக்குக் குரல் வருவது நம்மைப் போல மேலே தொண்டையில் இல்லை, மூச்சுக்குழாய் ரெண்டாகப் பிரிகிற இடத்திலாம், நெஞ்சுக்குள். நீ எதை வைத்து அப்படி அச்சாகக் கத்தினாயோ.

சொந்தத்தில் ஒருவர் (இதைப் படிப்பார், பேர் வேண்டாம்) உன்னைக் குயில்குஞ்சு என்றார், காக்காக் கூட்டில் தின்றுவிட்டுப் பறந்தவன் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. பிடித்துக்கூட இருந்தது. ஏழு வருஷம் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் நான், தீபாவளிக்குத் தீபாவளி புடவையோடு வந்துபோனவன் நீ. அந்தப் புடவையைத்தான் தெரு முழுக்கக் காட்டினாள். சரி, அந்தப் பெண் சொன்னதைச் சொல்கிறேன்: நம் ஊர்க் குயில்குஞ்சு பெரும்பாலும் காக்காக் குஞ்சைக் கீழே தள்ளாது, கூடவே வளரும். ஐரோப்பாவில் இருக்கிற வேறொரு வகைதான் தள்ளிவிடும். அவர் சொன்னது தப்பு. ஆனால் குயில் முட்டை முந்திப் பொரியும், முந்தி வாயைத் திறக்கும். அதையும் சொன்னாள்.

மாமா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த அன்றைக்கு நீ கேட்டதும் அதே கேள்வி. "அக்கா, அம்மா சொன்னத நீயும் கேட்டல்ல?" என் பதிலும் அதே பதில். என் பின்னால் யார் நின்றார்கள் என்று நீ பார்த்தாய், இங்கே அதற்கு மேல் எழுத முடியாது. அவர்களை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உன் மேல் கோபம், அதனாலும்தான்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுகிறேன், எல்லோர் முன்னாலும். முழுசாகச் சொல்வேன். அம்மா சொன்னதில் நீ பாதியைத்தான் அன்றைக்குச் சொன்னாய். மரத்தைப் பற்றிய மீதி உனக்கு மறந்திருக்காது. வெட்டுவதற்கு ஆள் பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாயாம், திருப்பி வாங்கிக்கொள். கூட்டில் குஞ்சு இருக்கிறது. காக்காவுடையதா திருடியுடையதா என்று கீழேயிருந்து எனக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வா. மேட்டூர்த் தண்ணீர் அதற்குள் வாய்க்காலுக்கு வந்துவிடும், வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வா. சாப்பாடு இங்கேதான்.

அக்கா