சாஸ்திரியப் பத்தி எழுதுறப்ப அந்த ஒப்பந்தத்தையும் எழுதுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல லால் பகதூர் சாஸ்திரி பிறந்தநாளுக்காக ஒரு முழு பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க. ரெண்டு தடவ படிச்சேன். காந்தி பிறந்த அதே அக்டோபர் 2ல பொறந்த இன்னொரு நல்ல மனுஷன் இருக்காருன்னு நம்ம பிள்ளைங்க தெரிஞ்சிக்கட்டும்னு நெனச்சீங்களே, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஐயா, அந்த முழு பக்கத்துல பாதி பக்கம் தாஷ்கண்ட்ல அவர் எப்படி செத்தாரு, யாராவது விஷம் வச்சாங்களா, உடம்பு ஏன் நீலமாச்சுங்கற பேச்சுலயே போயிருச்சு. 1964 அக்டோபர் 30ல இலங்கை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மாவோட அவர் கையெழுத்து போட்டு, அங்கத்த தோட்டத் தமிழ் ஜனங்கள ரெண்டு நாட்டுக்கும் பிரிச்ச ஒப்பந்தத்தப் பத்தி ஒரு வரி இல்ல. மலேசியாவுல தோட்டத்துல பொறந்து வளந்த ஜனங்க படிக்கிற பேப்பர்ல இது விட்டுப்போனத பாத்து மனசு ஆறல, அதான் எழுதறேன்.

அவர குறை சொல்றதுக்குன்னு நான் எழுத வரல. 1964 ஜூன் 9ல இருந்து 1966 ஜனவரி 11 வரைக்கும், மொத்தமா 19 மாசம்தான் பிரதமரா இருந்தாரு, அதுக்குள்ள பாகிஸ்தானோட ஒரு போர், நாடு முழுக்க அரிசி கோதும தட்டுப்பாடு, தமிழ்நாட்டுல மொழிப் போராட்டம், நேரு மாதிரி ஒரு ஆளுக்கு அப்புறம் அந்த நாற்காலியில உக்காருற பாரம் வேற. சி.சுப்பிரமணியத்த உணவு மந்திரியாக்கி புது கோதும விதைக்கு தைரியமா கை காட்டுனதும் அவர்தான். ஆனந்த்ல பால் கூட்டுறவ பாக்கப் போயி ராத்திரி ஒரு கிராமத்துல தங்கி ஜனங்ககிட்ட பேசிட்டு வந்து, இத நாடு முழுக்க கொண்டு போகணும்னு 1965ல தேசிய பால்வள வாரியம் அமைக்க வச்சதும் அவர்தான். கார் வாங்க பேங்க்ல 5,000 ரூபா லோன் எடுத்து, அது அடையறதுக்குள்ள செத்துப்போயி, அவர் சம்சாரம் பென்ஷன் பணத்துல கட்டுன கதை எல்லாருக்கும் தெரியும், நீங்களும் போட்டிருந்தீங்க.

அரியலூர் விபத்த மட்டும் ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க, அது தமிழ் மண்ணுல நடந்தது ஐயா, இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். 1956 நவம்பர் 23 விடிகாலையில மருதையாத்துல வெள்ளம், பாலம் அரிச்சிட்டுப் போயிருச்சு, தூத்துக்குடிக்கு போற எக்ஸ்பிரஸ் அதுல வந்து விழுந்து 140 பேருக்கு மேல போயிட்டாங்க. அதே வருஷம்தான் மகபூப்நகர்லயும் ஒரு பெரிய விபத்து நடந்துச்சு, ரயில்வே மந்திரியா இருந்த சாஸ்திரி அப்பவே ராஜினாமா கடிதம் கொடுத்தாரு, நேரு வாங்கிக்கல. அரியலூருக்கு அப்புறம் திரும்பவும் கொடுத்தாரு, இந்த தடவ நேரு ஏத்துக்கிட்டாரு. பாலம் கட்டுனதும் இவர் இல்ல, ரயில் ஓட்டுனதும் இவர் இல்ல, ஆனா என் இலாகாவுல ஜனம் செத்திருக்கு, நான் எப்படி மந்திரியா இருக்கறதுன்னு நெனச்ச மனுஷன். இத நெஞ்சுல வச்சுக்கிட்டுதான் நான் மேல சொல்ல வர்றத சொல்றேன்.

நம்ம நாட்டு சம்பந்தமும் ஒன்னு இருக்கு, அதையும் நீங்க போடல. 1965 போர் நேரத்துல மலேசியா ஐநா பாதுகாப்பு சபையில உறுப்பினரா இருந்துச்சு. நம்ம சார்பா அங்க பேசுனவரு ராதாகிருஷ்ண ரமணி, கோலாலம்பூர்ல பேர் போன வழக்கறிஞர், நம்ம ஆளு. அவர் பேச்சு இந்தியா பக்கம் சாயுதுன்னு கோவப்பட்டு அந்த அக்டோபர்லயே பாகிஸ்தான் மலேசியாவோட தூதரக உறவ முறிச்சிருச்சு. இதெல்லாம் நம்ம தமிழ்ப்பள்ளி பிள்ளைங்க ஒருத்தருக்காவது தெரியுமா?

சரி, ஒப்பந்தத்துக்கு வரேன்.

இலங்கை 1948ல சுதந்திரம் வாங்குன அதே வருஷம் குடியுரிமை சட்டம் கொண்டு வந்து மலையகத் தோட்டத்துல இருந்த நம்ம ஜனங்கள நாடில்லாதவங்களா ஆக்கிருச்சு. அதுக்கு முந்துன வருஷம் 1947 தேர்தல்ல ஓட்டு போட்டு அவங்க ஆளுங்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்புன ஜனம் ஐயா அது. அடுத்து ஓட்டும் போச்சு. நேரு இருந்த வரைக்கும், அங்கேயே பொறந்து வளந்தவங்கள இந்தியா தலையில கட்டாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு, பேச்சுவார்த்தை நடக்கும், ஒன்னும் முடியாது. சாஸ்திரி பிரதமராகி அஞ்சு மாசம் கூட ஆகல, டெல்லியில ஒரு வாரம் பேசி கணக்க முடிச்சிட்டாங்க. மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரு, அதுல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேர அப்புறம் பாத்துக்கலாம். 15 வருஷத்துல எல்லாம் முடியணும். அந்த மிச்சத்த 1974ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரம்னு பிரிச்சுக்கிட்டாங்க.

அந்த ஜனத்த யாரும் கேக்கல. அவங்க தலைவருங்கள கூட கூப்பிட்டு உக்கார வைக்கல, தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் தொண்டமான் அத சொல்லி எதிர்த்தாரு, யார் காதுலயும் விழல. ஏன் இப்படி பண்ணாருன்னு நானும் ரொம்ப யோசிச்சேன். 1962ல சீனாகிட்ட அடி வாங்கி இந்தியா சோர்ந்து கெடந்த நேரம், சுத்தியிருக்கற நாடுங்களோட சண்ட வேணாம்னு நெனச்சிருக்கலாம், படிச்சவங்க பல பேர் அப்படித்தான் எழுதுறாங்க. ஆனா எனக்கு அதுக்கு மேல ஒன்னு தோணுது. மூணே மாசம் கழிச்சு 1965 ஜனவரியில தமிழ்நாட்டுல இந்தி மொழிய எதிர்த்து மாணவருங்க ரோட்டுக்கு வந்தாங்க, உயிரு போச்சு, பிப்ரவரி 11ல சி.சுப்பிரமணியமும் அழகேசனும் மந்திரி பதவிய ராஜினாமா பண்ணாங்க. அன்னைக்கு ராத்திரியே சாஸ்திரி ரேடியோவுல பேசி, நேரு கொடுத்த வாக்க காப்பாத்துவேன், இந்தி பேசாத மாநிலம் விரும்புற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு சொன்னாரு. கேட்டா இறங்கி வர்ற மனுஷன்தான் அவரு. தமிழ்நாட்டுக்கு ஓட்டு இருந்துச்சு, மந்திரிங்க இருந்தாங்க, காலேஜ் பிள்ளைங்க இருந்தாங்க. தேயிலைக் காட்டுல கொழுந்து கிள்ளுனவங்களுக்கு அங்கயும் ஓட்டு இல்ல, இங்கயும் ஓட்டு இல்ல, அவங்களுக்காக ராஜினாமா பண்ண ஒரு மந்திரி கூட ரெண்டு நாட்டுலயும் இல்ல.

எங்க தாத்தா முசிறி பக்கம். அவர் நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்குக்கு வந்தாரு, அவர் தம்பி, எங்க சின்ன தாத்தா, மண்டபம் வழியா சிலோனுக்கு போயி ஹட்டன் பக்கம் தோட்டத்துல சேந்தாரு. ஒரே வீட்டு பிள்ளைங்க, ஒருத்தர் ரப்பர் பால்மரத்துக்கு, ஒருத்தர் தேயிலைக்கு. ஒப்பந்தம் வந்தப்ப சின்ன தாத்தா வீட்டுல பெரிய மகன் குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட், கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கை பிரஜாவுரிமை. தலைமன்னாருக்கு ஜனங்கள ஏத்திட்டுப் போற ரயிலுக்கு மலையகத்துல அழுகை கோச்சின்னே பேராம், ஏறுறவங்களும் அழுவாங்க வழியனுப்ப வந்தவங்களும் அழுவாங்க. அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் கோத்தகிரி. இவங்களுக்காகவே 1968ல நீலகிரியில ஆரம்பிச்ச அரசு தேயிலைத் தோட்டத்துல, டான்டீன்னு சொல்லுவாங்க, வேலை கொடுத்தாங்க. பொறந்ததுல இருந்து இந்தியாவ பாக்காத பிள்ளைங்க, அங்க போனா சிலோன்காரங்கன்னு பேரு, சிலோன்ல இருந்தப்ப இந்தியாக்காரங்கன்னு பேரு. அந்த அத்தையும் அவங்க அண்ணனும் அதுக்கப்புறம் பாத்துக்கவே இல்ல. 1984ல அந்த கப்பலும் நின்னுருச்சு, இந்தியா பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு அங்கேயே மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேரு, அவங்களுக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க 2003 வரைக்கும் ஆயிருச்சு.

சாஸ்திரி நல்லவரா கெட்டவரான்னு பட்டிமன்றம் வைக்க சொல்லல ஐயா. அரியலூர்ல செத்த ஜனத்துக்காக பதவிய விட்டவரும் அவர்தான், உயிரோட இருந்த அஞ்சேகால் லட்சம் பேர அவங்கள கேக்காம கணக்கு எழுதி பிரிச்சவரும் அவர்தான். ஒப்பந்தம் சட்டமா நடைமுறைக்கு வந்தது 1967ல, அதுக்குள்ள அவர் போயிட்டாரு, அந்த ரயிலையும் கப்பலையும் அவர் கண்ணால பாக்கவே இல்ல. பாத்திருந்தா அவர் மனசு சும்மா இருந்திருக்காதுன்னு நான் நம்புறேன், அவர் சுபாவம் அப்படி. ஆனாலும் போனவங்க போனவங்கதான்.

இது சிலோன் கதைதானேன்னு நம்ம ஆளுங்க நெனைக்கலாம். 1969ல மே இனக்கலவரத்துக்கு அப்புறம் இங்க என்ன நடந்துச்சு? குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு 1968ல போட்ட சட்டத்த நடைமுறைப்படுத்துனாங்க. நான் அப்ப சின்ன பிள்ள, எங்க அம்மா பால் வெட்டுல இருந்தாங்க. எங்க லயத்துலயே சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை, வச்சிருந்தவங்க இருந்தாங்க, சூராட் பெரானாக்ங்கற பிறப்புப் பத்திரம் இல்ல, பாரம் எழுதத் தெரியாது, யாரும் எடுத்துச் சொல்லல, பெர்மிட் கிடைக்காம ஊருக்கே போயிட்டாங்க. ஆயிரக்கணக்குல போனாங்க. காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக்களத்துல ஒரு வாரம் நிக்கிற ஆளு அடுத்த வாரம் இல்ல, அவங்க பிள்ளைங்க எங்களோட தோட்டப்பள்ளியில படிச்சதுங்க, திடீர்னு பெஞ்சு காலி. இன்னைக்கும் சுங்கை சிப்புட்ல, சுத்து வட்டாரத்துல, இங்கேயே பொறந்து சிவப்பு ஐசியோட கெழவியா ஆனவங்க இருக்காங்க. ஒரு கையெழுத்து தோட்டத்து வீட்டுக்குள்ள என்ன பண்ணும்னு நம்ம ஜனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், அதனாலதான் நம்ம பேப்பர்ல அது கண்டிப்பா இருக்கணும்னு சொல்றேன். டெல்லி பேப்பரு விட்டா விட்டுட்டு போகட்டும், நாம விடக்கூடாது.

அதனால ஒரு வேண்டுகோள். இந்த மாசம் 30ம் தேதி வருது, அன்னைக்கு இல்லாட்டி அதுக்கு அடுத்த ஞாயிறு, ஒரு பக்கம் ஒதுக்குங்க. தாஷ்கண்ட் மர்மத்த திரும்ப போடாதீங்க, அது எங்க பாத்தாலும் கெடைக்குது. கோத்தகிரி, கூடலூர்ல இருக்கற மலையகத்து குடும்பத்து ஆளுங்ககிட்ட போன்லயே பேட்டி எடுக்கலாம், எங்க சொந்தத்துல பேசத் தயாரா இருக்காங்க, நம்பர் நான் வாங்கித் தரேன். இங்க 1969, 70ல ஊருக்குப் போனவங்களோட கூடப்பொறந்தவங்க எங்க தாமான் குடியிருப்புலயே இருக்காங்க, எல்லாருக்கும் எழுபது எம்பது வயசாச்சு. உங்க நிருபர் யாராவது வந்தா வீடு வீடா நானே கூட்டிட்டுப் போறேன், தீபாவளிக்கு முன்னாடி வந்தா நல்லது, அதுக்கப்புறம் பாதி பேர் பிள்ளைங்க வீட்டுக்கு கோலாலம்பூர் போயிருவாங்க.

இப்படிக்கு,
ஒரு நீண்டநாள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்