தரம் 6 வகுப்புகள் ஏன் மூன்றாம் மாடியில்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தவணை தொடங்கி மூன்று கிழமைதான் ஆகிறது. அதற்குள் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: “சின்னப் பிள்ளைகள், இவ்வளவு படி ஏறுகிறார்களே, வகுப்பைக் கீழே மாற்றக் கூடாதா?” வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கீழ்த்தளத்தில் ஆரம்பப் பிரிவு இருக்கிறது, இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கே இடம் கிடைத்தாலும் தரம் 6 பிள்ளைகளை நான் கீழே இறக்க மாட்டேன். பிள்ளைகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீடு. லிப்டில் இறங்கினால் வாசலில் வான். பள்ளிக்கூடம் முடிந்து வான், பிறகு ரியூசன் கதிரை, பிறகு ஓட்டோ, மறுபடியும் லிப்ட். ஓடி விளையாட முற்றம் இல்லை. காலி வீதியில் தனியே நடக்க விடவும் உங்களுக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானது. அப்படிப் பார்த்தால் பல பிள்ளைகளுக்கு உடம்பை அசைக்கக் கிடைக்கும் நிச்சயமான நேரம் எங்கள் மாடிப்படிதான்.

கீழிருந்து மூன்றாம் மாடிக்கு 66 படிகள், நானே எண்ணிப் பார்த்தேன். காலை, இடைவேளை, ஆய்வுகூடம், நூலகம் என்று ஒரு பிள்ளை நாளுக்கு நான்கு தடவையாவது ஏறும். அது 264 படி. இருபது பள்ளி நாட்களில் ஐயாயிரம் தாண்டிவிடும். சிவனொளிபாதமலைக்கும் ஐயாயிரத்துக்கு மேல்தான் படி. மாதம் ஒரு மலை ஏறுகிறார்கள் உங்கள் பிள்ளைகள்!

படி ஏறும்போது உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரு கால் மாறி ஒரு கால் மேலே தூக்குகிறது. அதனால்தான் சமதரையில் நடப்பதைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. தொடையும் பிட்டமும் உழைக்கின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்தது. எலும்பைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

எலும்பு உயிருள்ள பொருள். உள்ளே சில கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன, வேறு சில புதிதாகக் கட்டுகின்றன. எந்த இடத்தில் சுமை விழுகிறதோ அந்த இடம் பலப்படும். ஜேர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892 இலேயே இதை எழுதி வைத்தார். சிறு வயதிலிருந்தே டெனிஸ் ஆடுபவர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிப்பாக இருக்கும். பாரமே இல்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கோ இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைகிறது. நீச்சல் அருமையான பயிற்சி, ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அவ்வளவு வேலை இல்லை. படிக்கட்டில் உண்டு, ஏறும்போதும் உண்டு, இறங்கும்போதும் உண்டு.

வாழ்நாளுக்குத் தேவையான எலும்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் மிக வேகமாகச் சேர்வது பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி. ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு ஒன்றிரண்டு வருடம் பிந்தி. தரம் 6, 7, 8 பிள்ளைகளைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்.

பெண்பிள்ளைகளின் அம்மாமாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமத்திய வீடு முடிந்த கையோடு “இனி ஓடாதே, துள்ளாதே, படி ஏறி இறங்காதே” என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. விளையாட்டுப் பாடத்துக்கு விலக்குக் கேட்டு வரும் கடிதங்களில் அதைக் காண்கிறேன். பிள்ளை மீதுள்ள அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் எலும்பு சேரும் அந்த இரண்டு மூன்று வருடத்தைத்தான் நாங்கள் அவளிடமிருந்து பறிக்கிறோம். தயவுசெய்து விடுங்கள், அவள் ஓடட்டும்.

என் அம்மா எழுபத்திரண்டு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை ஒன்றுமில்லை, ஆனாலும் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. எலும்பு மெலிந்துபோயிருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதன் பிறகு அவர் தனியாக நடக்கவே இல்லை. அந்த மெலிவுக்குப் பல காரணம் இருந்திருக்கும். இருந்தும் ஒவ்வொரு காலையும் படியேறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறார்.

பெரியவர்களுக்கும் இதில் பயன் உண்டு. 1953 இல் மருத்துவர் ஜெரமி மொரிஸும் கூட இருந்தவர்களும் லண்டன் இரட்டைத்தட்டு பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. அந்த லண்டன் பஸ்களில் பல பிற்காலத்தில் எங்கள் நாட்டு வீதிகளிலும் ஓடின, உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2022 மின்வெட்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நின்றுபோய், ஐந்தாம் மாடிக்கு முதல் நாள் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினேன். சில கிழமைக்குள் ஒரே மூச்சில் ஏறினேன். கரண்ட் வந்த பிறகும் அதை நான் விடவில்லை.

சரி, படி மட்டும் போதுமா என்றால் போதாது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும், கிழமைக்கு மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் விளையாட்டு வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் சொன்னது. கயிறடிப்பது, கெந்தி விளையாடுவது, கிளித்தட்டு எல்லாம் எலும்புக்குப் படியைவிடவும் நல்லவை. சாப்பாட்டில் பால், நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை சேருங்கள். கொஞ்ச வெயிலும் படட்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். காலையில் பிள்ளையை வாசலில் விட்டுவிடுங்கள், பையை நீங்கள் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டாம். பை பாரம் என்ற முறைப்பாடு சரியானது, அதனால் வரும் கிழமை முதல் பெரிய புத்தகங்களை வகுப்பிலேயே வைக்க அலுமாரி இருக்கும். வீட்டில் மூன்று நான்கு மாடி என்றால் நீங்களும் பிள்ளையோடு படியில் ஏறுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மம்மா, அப்பப்பாவுக்குப் படி இறங்குவதுதான் அதிகம் நோகும். அவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். பள்ளிப் படியில் ஓடக் கூடாது, இடப் பக்கமாகப் போக வேண்டும், மழை நாளில் கைபிடியை விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

வீசிங், இதய நோய், அண்மையில் எலும்பு முறிவு, நடக்கச் சிரமம் என்று எது இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்காக அந்த வகுப்பு முழுவதையும் கீழே கொண்டுவர வேண்டியிருந்தாலும் கொண்டுவருவேன். அந்தப் பிள்ளையை மட்டும் தனியே கீழே இருத்த மாட்டேன்.

அன்புடன்,
அதிபர்
கொழும்பு