மண்ணின் எடைக்கேற்ற வாளி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் நீலகிரி மலைச்சாலைகளில் எத்தனை ஜேசிபி இயந்திரங்கள் ஆயத்தமாக உள்ளன என்ற கணக்கு வெளியாகிறது. அவற்றில் மண் அள்ளும் வாளி எந்த அளவில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் கோத்தகிரி - குன்னூர் சாலையில் எங்கள் குடியிருப்புக்கு அருகே மண் சரிந்தபோது வந்த இயந்திரத்தின் முன்வாளி, கோழி எரு ஏற்றுவதற்காக விளிம்பில் தகடு பற்றவைத்துப் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் சேற்றைக் குத்தி அள்ளித் தூக்கியதும் பின்சக்கரங்கள் ஒரு சாண் உயரம் எழும்பின. அவர் உடனே வாளியை இறக்கியிராவிட்டால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். அதன்பின் அரை அரை வாளியாகவே அள்ள முடிந்ததால் இரவு முழுவதும் சாலை அடைபட்டுக் கிடந்தது.

ஒரு கன மீட்டர் கோழி எரு ஏறத்தாழ அரை டன் இருக்கும். மழையில் ஊறிய மண்ணோ 1.8 டன்னைத் தொடும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் சாலையை மூடும் புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவிலும், இறுகிய ஈரப்பனி 400, 500 கிலோ அளவிலும் இருப்பதால், அங்கே பெரிய வாளி பொருந்தும். நம் மலையில் விழுவது உறைபனி மட்டுமே. இங்கு சாலையை மறிப்பது மண்ணும் பாறையும். சமதரையில் லோடரை, அதாவது முன்வாளியால் அள்ளும் இத்தகைய இயந்திரத்தை, கவிழ்க்கக்கூடிய எடையில் பாதியையே சுமைவரம்பாகக் கொள்வது வழக்கம் என்னும்போது, சரிவான வளைவுகளில் அதையும் குறைத்தே எண்ண வேண்டும்.

அதற்காக மிகக் குறுகிய வாளியும் உதவாது. டயர்களின் வெளி அகலத்தையாவது முன்வாளி மறைக்காவிட்டால், சக்கரங்கள் அள்ளாத சேற்றின் மீது ஏறி வழுக்கும். சாலையோர வடிகாலைத் தூர்வாரும் பின்வாளியின் கதை வேறு. இரண்டடி வடிகாலுக்குள் இரண்டரை அடி வாளியைத் திணித்துப் பக்கச்சுவரை உடைத்துவிட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உடைந்த இடத்தில் நீர் மண்ணுக்குள் இறங்கி, அடுத்த சரிவுக்கு அதுவே வழி வகுக்கிறது.

2009 நவம்பரில் நிலச்சரிவுகளுக்கு 40-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. எனவே, மழைக்கால வாடகை ஒப்பந்தங்களில் முன்வாளியின் கொள்ளளவையும் அகலத்தையும் குறிப்பிட வேண்டும். தகடு ஒட்டிய வாளிகளை ஏற்கக்கூடாது. வடிகாலுக்கென ஒன்றரை அடிப் பின்வாளி ஒன்றையும் உடன் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் நெடுஞ்சாலைத் துறையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.