1878இல் இறந்தவரை 1881இல் கிளாஸ்கோவில் காட்டியிருக்கிறீர்கள்

வணக்கம்.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இலங்கையில் தங்கிவிட்டவர்களின் பரம்பரையைத் தேடித் தருவோம் என்று சொல்லி என்னிடம் 45,000 ரூபாய் வாங்கினீர்கள். ஐந்து மாதம் இழுத்தடித்து அனுப்பிய வம்சாவளி வேறு யாருடையதோ.

அம்மாவின் பூட்டன் கோப்பிக் காலத்தில் துரையாக வந்தவர். தோட்டத்து மயானத்தில் அவர் கல்லறை இன்னும் இருக்கிறது. அம்மாவே தேங்காய்த் தும்பால் பாசியைத் தேய்த்துவிட்டு, எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுக்க வைத்தார்: ஊர் அபர்டீன்ஷயர், இறந்தது 1878, வயது 40. அந்தப் படத்தை முதல் நாளே உங்களுக்கு அனுப்பினேன், கிடைத்தது என்று பதிலும் போட்டீர்கள். அப்புறம் எப்படி 1851இல் பிறந்த ஒருவரைப் பிடித்தீர்கள்? அவர் 1881 குடிசன மதிப்பீட்டில் மனைவி பிள்ளைகளோடு கிளாஸ்கோவில் இருப்பதாக நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் போதுமா?

அதோடு 1851ஆம் வருடத்து அரசாங்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்று ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். ஸ்கொட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1855 ஜனவரி 1இல்தான். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். இதுகூடத் தெரியாமலா இந்தத் தொழிலைச் செய்கிறீர்கள்? அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

பூட்டனைப் பெற்றவரைப் பற்றி, "தாயாரின் மரணப் பதிவு கிடைக்கவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணவரின் குடும்பப் பெயரில் மட்டும் தேடியதாக நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஊர்ப் பதிவுகளில் கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் நிற்கும், அதிலும் தேடியிருக்க வேண்டும். 1841 குடிசன மதிப்பீட்டில் பூட்டன் தன் தாய் தகப்பனோடு மூன்று வயதுப் பிள்ளையாக இருந்திருப்பார், அதை நீங்கள் தொடவே இல்லை.

இன்னொன்று. அவர் தன் முதல் மகனுக்கு அலெக்சாண்டர் என்று பெயர் வைத்தார். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பது ஸ்கொட்லாந்துக்காரரின் பழைய வழக்கம், நமக்குப் புதிதில்லை, பெயரன்தானே பேரன் ஆனான். எல்லாரும் தவறாமல் செய்தார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் நல்ல துப்பு. அதையும் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் போட்ட தகப்பன் பெயர் ராபர்ட்.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். அந்த அலெக்சாண்டரைப் பெற்று லயத்தில் வளர்த்த பூட்டி தோட்டத்தில் கோப்பிப் பழம் பறித்தவர். அவர் பெயர் எங்கள் கையில் இருக்கிற எந்தத் தாளிலும் இல்லை, தேடிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம். பூட்டன் பக்கமாவது தாளில் கிடைக்கும் என்றுதான் உங்களிடம் வந்தோம். அம்மாவுக்கு 84 வயது. நீங்கள் அனுப்பிய வம்சாவளியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார், தப்பு என்று நான்தான் சொல்லிக் கழற்ற வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்துக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால், பழைய தேவாலயப் பதிவேடு படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து, மேற்கொண்டு ஒரு சதமும் கேட்காமல், அபர்டீன்ஷயரில் முதலிலிருந்து தேடுங்கள். எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதை இந்த வாரமே எழுதுங்கள்.