நிலாவில் பகல், வானம் கருப்பு: சித்தப்பாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சம்பா நாற்று எந்த நிலையில் இருக்கிறது, ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்களா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் அந்த நிலா வீடியோவைப் பற்றியது. குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் நீங்கள் போட்டதால், நானும் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

1969-ல் அப்பல்லோ 11-ல் போனவர்கள் நிலாவில் எடுத்த படங்களில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆளின் நிழல் அழுத்தமாக விழுகிறது. அப்படியென்றால் அது பகல். பகலில் வானம் நீலமாகத்தானே இருக்க வேண்டும், கருப்புத் துணி கட்டி ஸ்டுடியோவில் எடுத்துவிட்டார்கள் என்கிறார் வீடியோக்காரர். ஆள் தலைகீழாக யோசிக்கிறார், சித்தப்பா. வானம் கருப்பாக இருப்பதற்குத் தனியாகக் காரணம் எதுவும் வேண்டாம். காரணம் கேட்க வேண்டியது நம்மூர் நீலத்திடம்.

நம் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற அறையின் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சித்தி அங்கே உட்கார்ந்து முறத்தில் புடைக்கும்போது, ஓட்டிலிருந்து தரைவரைக்கும் வெளிச்சம் தூண் மாதிரி சாய்ந்து நிற்கும். தூசி அடங்கியதும் தூணைக் காணோம். தரையில் ஒரு துண்டு வெயில் மட்டும் கிடக்கும். வெளிச்சம் அப்போதும் அதே வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வழியில் எதிலாவது பட்டு நம் கண் பக்கம் திரும்பினால்தான் நமக்குத் தெரியும்.

விண்வெளியிலும் இதேதான். சூரிய வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை, அதைத் திருப்பிவிடத்தான் ஆளில்லை. சூரியனை நேராகப் பார்த்தால் கண் கூசும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கும்மிருட்டு. நிலாவில் காற்று என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது என்பதால் பட்டப்பகலிலும் தலைக்கு மேலே அதே இருட்டுத்தான். ஏன், ராத்திரி களத்தில் படுத்துக்கொண்டு நீங்கள் பார்ப்பதும் அந்தக் கருப்பைத்தானே. காற்றின் மேல் வெயில் படாத நேரத்தில் அது நமக்கும் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, நீலம் எங்கிருந்து வருகிறது? நம்மைச் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து. அது ஒன்றும் பிரமாதமான உயரமும் இல்லை. பூமியின் மொத்தக் காற்றில் முக்கால்வாசி தரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. படுக்கப் போட்டால் ஏறக்குறைய தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற தூரம்.

அந்தக் காற்றில் இருக்கிற நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒளி அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரத்தைவிட, ரொம்ப ரொம்பச் சின்னவை. அவ்வளவு சின்னப் பொருள் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காக எகிறும். இந்தக் கணக்கை 1871-ல் போட்டவர் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபு. நீலத்தின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்புக்கு 650 என்று வைத்துக்கொண்டால், சிவப்பைவிட நீலம் நான்கு மடங்குக்கும் மேலே சிதறுகிறது. அப்படி இறைபட்ட நீலம்தான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் கண்ணில் விழுகிறது. ஊதா இன்னும் குட்டை அலைதான், நீலத்தைவிட அதிகமாகச் சிதறவும் செய்யும். ஆனால் வெயிலில் ஊதா குறைச்சல், நம் கண்ணும் அதை அவ்வளவாக வாங்கிக்கொள்ளாது.

மலை மறைக்காத ஊர் நம்முடையது, இதை வரப்பில் நின்றே சரிபார்க்கலாம். உச்சி வானம் அழுத்தமான நீலம். பார்வையை மெல்ல இறக்கித் தூரத்துத் தென்னை வரிசைக்குக் கொண்டுவந்தால் வானம் வெளுத்திருக்கும். அந்தப் பக்கம் பார்க்கும்போது நடுவே காற்று அதிகம். சிதறிய ஒளி திரும்பத் திரும்பச் சிதறி நிறமெல்லாம் கலந்துபோகிறது. சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்தில் அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலமெல்லாம் வழியிலேயே சிதறிப்போக, மிச்சமிருக்கும் சிவப்பு நமக்கு. சித்திரையில் வானம் வெளிறிக் கிடப்பதற்கும், ஐப்பசியில் நாலு நாள் கொட்டித்தீர்த்த மழை வெறித்ததும் நீலம் கண்ணைப் பறிப்பதற்கும் காரணம் தூசிதான். தூசியும் மேகத்தின் நீர்த்துளியும் மூலக்கூறைவிடப் பெரியவை. அவை நிறம் பார்க்காமல் எல்லாவற்றையும் சிதறடித்து வெளுப்பாக்கிவிடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொன்ன கதை என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். சர் சி.வி. ராமன் பிறந்தது 1888-ல், நம் திருவானைக்காவில். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று அதே ராலே சொல்லியிருந்தார். 1921-ல் கப்பலில் போனபோது ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தால் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற படிகத் துண்டு) அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. (தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம்.) தண்ணீர் ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று அங்கே பிடித்த நூல்தான் 1928-ல் ராமன் விளைவுக்கும் (சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவது), 1930-ல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோய் விட்டது.

அப்புறம் அந்த நட்சத்திர விவகாரம். வானம் கருப்பு என்றால் நட்சத்திரம் எங்கே என்று வீடியோவில் ரொம்பவே நக்கலடிக்கிறார்கள். வெயிலில் பளபளக்கிற தரையைப் படமெடுக்கக் கேமராவின் கண்ணை ஒரு வினாடியில் 250-ல் ஒரு பங்கு மாதிரியான நேரம்தான் திறப்பார்கள். அதற்குள் நட்சத்திரத்தின் மங்கல் ஒளி எங்கே பதிவது?

நம்ப வேண்டாம், செய்தே பாருங்கள். குறுவை நெல் குவிந்திருக்கிற கொள்முதல் நிலையத்துக்கு ராத்திரி போய், போகஸ் லைட் வெளிச்சத்தில் நெல் குவியலையும் அதற்கு மேலே வானத்தையும் சேர்த்து உங்கள் போனில் ஒரு படம் எடுங்கள். நைட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். நெல் பளிச்சென்று விழும், வானம் வெறும் கருப்பாக வரும். அந்தப் படத்தையும் குரூப்பில் போடுங்கள். சின்ன மாமா இந்நேரம் அந்த வீடியோவை இன்னும் நாலு குரூப்புக்குத் தள்ளியிருப்பார், அங்கேயும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்