யூதாஸ் திருப்பிக் கொடுத்த காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் கடந்த ஞாயிறன்று வெளிவந்த தவக்காலக் கட்டுரையில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனான யூதாஸ் 'கடைசிவரை மனம் வருந்தாத துரோகி' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நானும் இதையே கேட்டு வளர்ந்தவன். ஆயினும் மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறாகவே சொல்கிறது.

இயேசுவுக்குத் தண்டனைத் தீர்ப்பு விதிக்கப்பட்டதைக் கண்ட யூதாஸ், மனம் வருந்தி, வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் தலைமைக் குருக்களிடம் கொண்டுபோய், குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்திறந்து சொல்கிறான். மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் மனனம் செய்த மூன்றும் அங்கே இருக்கின்றன. மன்னிப்புச் சொல்ல ஒருவர்தான் இல்லை. சீர்திருத்தச் சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் அக்குருக்களின் மறுமொழி, "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று இருக்கிறது. நம் வீடுகளில் இன்றும் ஒருவரைக் கைகழுவி விடும்போது சொல்லப்படும் அதே சொல்.

மத்தேயு இவ்விடத்தில் மனமாற்றத்துக்கு வழக்கமாக வரும் 'மெட்டனோயா' என்ற கிரேக்கச் சொல்லைத் தவிர்த்து, வெறும் வருத்தத்தைக் குறிக்கும் வேறொரு வினையையே பயன்படுத்தினார் என்று சிலர் வாதிடுவர். அந்த வினையே 21ஆம் அதிகாரத்தில், முதலில் மறுத்துவிட்டுப் பின்னர் மனம் மாறித் தந்தையின் திராட்சைத் தோட்டத்துக்குப் போன மகனுக்கும் வருகிறது; அவனை யாரும் குறை சொல்வதில்லை. யூதாஸைக் குறித்து 'அவன் பிறவாதிருந்தால் நலமாயிருக்கும்' என்ற ஆண்டவரின் வார்த்தையோ கடுமையானதுதான். அதை நான் மழுப்ப வரவில்லை. ஆனால் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருந்தும், யூதாஸ் உட்பட எவரையும் நரகத்தில் இருப்பவராக ஒருபோதும் வரையறுத்து அறிவித்ததில்லை என்பதையும் அதன் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். யூதாஸைப் போலத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மறுத்த அடக்கச் சடங்கை 1983ஆம் ஆண்டுச் சட்டம் மறுக்கவில்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992இன் மறைக்கல்வி நூலும் கூறுகிறது.

அதே இரவில் இராயப்பரும் (பேதுரு) இயேசுவைத் தெரியாது என்று மும்முறை மறுதலித்தார். அவர் அழுதுவிட்டு, தம்மைப் போலவே ஓடி ஒளிந்த மற்றவர்களிடம் திரும்பிப் போனார். அதனால் கடற்கரையில் கரிநெருப்பின் அருகே, உயிர்த்த இயேசுவால் 'என்னை அன்பு செய்கிறாயா' என்று மும்முறை கேட்கப்படும்வரை உயிரோடிருந்தார். யூதாஸ் போனது காசு கொடுத்தவர்களிடம். இருவருக்கும் இடையிலான தூரம் பாவத்தின் அளவில் இல்லை, போன இடத்தில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

'தலையாட்டி', அதாவது முகத்தை மறைத்துக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர், என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் குரல் தாழ்த்திக்கொள்ளும் ஊர் நம்முடையது. காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் சூட்டப்பட்டு, விளக்கம் சொல்ல வாய்ப்பின்றி மின்கம்பத்தில் கட்டப்பட்டு உயிர் முடிந்தவர்களும் இங்கே இருந்தார்கள். அவர்களுள் உண்மையில் பிழை செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று விசாரித்தவர் எவருமில்லை. எனவே யூதாஸின் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பது கோயில் மதிலுக்குள் அடங்கும் விடயமன்று.

பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, பாதம் கழுவப் பன்னிருவரை வரிசையாக அமர்த்துகிறோம். அதில் ஓரிடம் யூதாஸினுடையது; யோவானின்படி அவன் இரவுக்குள் வெளியேறியது கால் கழுவப்பட்டு, அப்பத்துண்டும் கொடுக்கப்பட்ட பின்னரே.

இவ்வாண்டு நான் பார்த்த திருப்பாடுகளின் காட்சியொன்றில், முத்தம் கொடுத்த யூதாஸ் அடுத்த காட்சியில் கயிற்றோடு வந்தான். சிறுவர்கள் கூவினார்கள், விசில் அடித்தார்கள். காசைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி நேரம் போதாமையால் வெட்டப்பட்டதாக நெறியாளர் சொன்னார். இங்கு பாடுகளின் நாடகம் எழுதுவோரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த ஆண்டு அந்த மூன்று வசனங்களையும் சேருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. காசுப்பை ஏற்கெனவே யூதாஸின் கையில் இருக்கிறது, குருக்களும் மேடையில்தான் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்.