தறிக்கு இடப்பக்கம் உட்காருபவர்

அன்புள்ள கீதா,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி படித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டாயே. அடுத்த கடிதத்தில் மறக்காதே.

முகூர்த்தப் புடவை எடுக்க இங்கே வருவதாகவும், எதைப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவரிடம் தறி கற்றுக்கொண்டு வருகிறேன். அதனால் உன் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐயாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. சிறு வயதில் அப்பாவிடம் பழகிய கை. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் நாடாவை முதலில் என்னைத் தொடவே விடவில்லை. தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்) சுற்று, அறுந்த இழையை முடி, அது வந்த பிறகு பார்க்கலாம் என்றார். அதைச் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவிதான்.

அந்த அம்மா பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைப்பதை நீ பார்க்க வேண்டும், கீதா. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவை வரும். அது தீர்ந்ததும் பழைய இழைகளின் நுனியை அச்சிலேயே (இழைகளைப் பிரித்துவைக்கும் சீப்பு போன்ற சட்டம்) விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்க்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. முடிச்சுகூடக் கிடையாது. இழுத்தால் வராது, அச்சின் பல்லுக்குள்ளும் தடங்கலில்லாமல் போய்விடும். இப்படிச் சில ஆயிரம் இழைகள். கண் அங்கே இருக்காது, என்னோடு பேசிக்கொண்டே இருப்பார். விரல் மட்டும் அடுத்த இழையைத் தானாகத் தேடிப் பிடிக்கும். எனக்கு இன்னும் பத்து இழை சேர்ப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடுகிறது.

அப்புறம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நாம் ஆசையாக வாங்குகிறோமே, அதில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு இழை. இரண்டு பக்கக் கரையும் சேர்த்து மூன்று நாடா. வலக்கரை நாடாவை ஐயா விடுவார். உடல் நாடா அந்த இழையோடு கொக்கி போட்டுக்கொண்டு இடப்பக்கம் ஓடும். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா இடக்கரை இழையோடு அதைக் கோர்த்துத் திருப்பி அனுப்புவார். அச்சுப் பலகையை இழுத்து ஓர் அடி. புடவை முழுக்க, வரிக்கு வரி இதேதான். இருவரும் வாய் திறந்து எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. ஐயா மிதியை மாற்றும் சத்தத்திலேயே அந்த அம்மாவின் கை தயாராகிவிடும்.

முன்பெல்லாம் அந்த இடப்பக்கத்தில் சிறுபிள்ளைகளை உட்கார வைப்பார்கள். அப்படிப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் இந்தத் தெருக்களில் நிறையப் பேர். அந்த வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது ரொம்ப நல்லது. ஆனால் அந்த வேலைக்கு ஈடாக வயது வந்த ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க யாரும் முன்வராததால், இப்போது அதுவும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்திருக்கிறது. புடவையைப் பார்த்தால் 'நெசவாளர் கைவண்ணம்' என்று ஒருவரைத்தான் மெச்சுகிறோம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள், அதில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும் பிணைப்பதும் கோர்ப்பதும் நெசவுதான் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரிகிறது. அவர்கள் பெயரில் தனிக் கூலி எழுதப்படாதவரை இந்தத் தொழில் நிலைக்காது. ஐயாவின் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறான். மாதச் சம்பளம் கைக்கு வருகிறது, அவனை எப்படிக் குறை சொல்ல முடியும்?

சரி, புடவைக்கு வருகிறேன். கடையில் பின்பக்கத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார். கோர்வையென்றால் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கரையின் நிறம் கலப்பில்லாமல் இருக்கும். கோர்வை இல்லாததில் உடல் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால், கரையில் அந்த நிறம் கலந்து அடிக்கும். முந்தி வேறு நிறமாக இருந்தால், உடலோடு சேரும் கோட்டையும் பார். பாவு இழைகளையே மாற்றிப் பிணைத்து நெய்வதைப் பிட்னி என்கிறார்கள். அந்தக் கோடு கொஞ்சம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதே. சில்க் மார்க் இருந்தால் சுத்தப் பட்டு என்றுதான் பொருள், விசைத்தறிப் பட்டுக்கும் அது உண்டு. கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. இரண்டையும் கேள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிடு. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, குழியிலும் தண்ணீர் ஊறும், தறி நின்றுவிடும். இப்போது தறியில் மாம்பழ நிற உடலுக்கு அரக்குக் கரை ஓடுகிறது. அது முடிவதற்குள் வந்தால் இருவரும் கோர்ப்பதை நேரில் பார்க்கலாம். பெண்ணையும் அழைத்து வா. அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
சாந்தி